ஒளி பட்டால் நிமிரும் மூலக்கூறு: ஜோர்ஜ் வால்ட்

உயர்தர இரசாயனவியலில் சிஸ், ட்ரான்ஸ் என்று நாங்கள் வரையும் சமபகுதியங்கள் எங்கள் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. பார்வையில் அவற்றின் வேலையை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜோர்ஜ் வால்ட்.

1906 இல் நியூயோர்க்கில், குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். 1932 இல் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேர்லின் சென்றவர், விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். அது குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது அப்போதே தெரியும். ஏன் என்பதற்கான விடை இங்கிருந்துதான் தொடங்கியது. (முருங்கையிலைச் சுண்டலைத் தட்டில் ஒதுக்கிவைக்கும் தங்கைமார் கவனிக்க.)

அடுத்தது ஹைடெல்பேர்க். எல்லோரும் விடுமுறையில் போயிருந்தபோது ஆய்வுகூடத்துக்கு 300 தவளைகள் வந்து சேர்ந்தன. வேண்டாமென்று விடப் பார்த்தவற்றை வால்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். அவற்றின் விழித்திரையில் அவர் கண்ட பொருளைத்தான் இன்று ரெட்டினல் என்கிறோம். ஆனால் அது 1933, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருடம். வால்ட் அமெரிக்கா திரும்பினார். 1934 முதல் ஹாவார்ட் பல்கலைக்கழகமே அவரது இடமாயிற்று.

இருட்டில் ரெட்டினல், 11ஆம் காபனருகே வளைந்து, ஒப்சின் என்ற புரதத்துக்குள் பொருந்தியிருக்கும். ஒளி பட்டதும் நிமிரும். நிமிர்ந்தது பழைய இடத்தில் பொருந்தாது. புரதமும் வடிவம் மாறும். நரம்புக்குச் செய்தி போகும். ஒளி செய்வது அந்த நிமிர்த்தலை மட்டுமே. மிச்சமெல்லாம் இருட்டிலும் நடக்கும். வளைந்த ரெட்டினல் மீண்டும் சேர நேரம் எடுப்பதால்தான் கடும் வெயிலிலிருந்து இருட்டறைக்குள் வந்தவருக்குக் கண் தெளியத் தாமதமாகிறது.

ஒளியின் வேலை இவ்வளவுதான் என்று நிறுவியதில் பெரும் பங்கு ரூத் ஹபார்ட் என்ற பெண்ணுடையது. வியன்னாவில் பிறந்து, நாசிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்து, வால்டின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தவர். 1958 இல் இருவரும் திருமணம் செய்தனர். 1967 இல் சூரிச் பல்கலைக்கழகத்தின் போல் கரர் பதக்கம் இருவருக்கும் கிடைத்தது. அதே வருட நோபல் பரிசை வால்ட், கிரானிட், ஹார்ட்லைன் ஆகிய மூன்று ஆண்கள் பகிர்ந்துகொண்டனர். ரூத் பேராசிரியரானது அதற்கும் சில வருடங்கள் கழித்தே. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

மீன்களின் கண்களையும் வால்ட் விடவில்லை. கடல்மீன்களில் ஒருவகை விற்றமின் ஏ, நன்னீர் மீன்கள் பலவற்றில் இன்னொரு வகை, இரண்டு நீருக்கும் போய்வரும் விலாங்கில் இரண்டுமே. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நந்திக்கடலுமாக முள்ளிவாய்க்காலில் இருக்கும் எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

பரிசு பெற்ற பின் அவர் ஆய்வுகூடத்துக்குள் ஒதுங்கியிருக்கவில்லை. 1969 மார்ச்சில் மாணவர்கள் முன் வியட்னாம் போரையும் அணுவாயுதங்களையும் எதிர்த்துப் பேசினார். அந்த உரை பத்திரிகைகளில் வெளியாகி நாடெங்கும் பரவியது. போர் முடிந்த மண்ணிலிருந்து வாசிக்கும்போது, அவர் நோபல் பரிசைப் பயன்படுத்திய விதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வால்ட் 1997 இல் காலமானார். ரூத் 2016 வரை வாழ்ந்தார்.