சர்க்கரை ஆலைக்காரர் உருக்கிய ஏழு உலோகக் கலவை

ஹை என்ட்ரோபி அலாய் எப்போ பிறந்ததுன்னு மெட்டலர்ஜி பசங்களைக் கேட்டா 2004-ன்னு சொல்லுவாங்க. ஆனா எந்த உலோகமும் தலைமை வகிக்காம, ஐந்து, ஆறு, ஏழு உலோகங்களைச் சம எடையில் உருக்கிப் பார்த்து, 1788-லேயே அதைப் புத்தகமா போட்ட மனுஷன் ஒருத்தர் பெர்லினில் இருந்தார். பெயர் ஃபிரான்ஸ் கார்ல் அகார்ட்.

1753-ல் பிறந்தவர். குரு மார்க்கிராஃப் 1782-ல் இறந்ததும் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்துக்கு வந்தார். இரும்பு, செம்பு, வெள்ளீயம், கோபால்ட், வெள்ளின்னு 11 உலோகங்கள். 900-க்கும் மேற்பட்ட கலவைகள். அடர்த்தி, கடினத்தன்மை, வலிமை, அரம் போட்டா எவ்வளவு தாங்குது, காத்துல கறுக்குதான்னு சோதிச்சு எழுதி வச்சார். நமக்கு லேப்ல மூணு சாம்பிளுக்கே மூச்சு வாங்குது! பிளாட்டினத்தை உருக்கும் சூடு அன்றைய உலைகளில் கிடையாது. அதனால ஆர்சனிக் சேர்த்து உருக்கி, அப்புறம் அந்த ஆர்சனிக்கைப் புகையா விரட்டி, 1784-ல் பிளாட்டினம் மூசையே செய்துட்டார்.

புத்தகத்தை யாரும் கண்டுக்கலை. 1963-ல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் எழுதின பிறகுதான் சிலருக்குத் தெரிஞ்சது. ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத் கலந்தா பெரும்பாலும் நொறுங்கும். அதுல யார் என்ன செய்வாங்க? எதை எடுத்துட்டு எதைப் போடணும் என்ற கேள்விக்கு நல்ல பதில் ரொம்பப் பின்னால வந்தது. 2004-ல் கேன்டர் வெளியிட்டது கோபால்ட், குரோமியம், இரும்பு, மாங்கனீஸ், நிக்கல் ஐந்தும் 20 சதவீதம். கோபால்டும் நிக்கலும் விலை ஜாஸ்தி. 2016-ல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் நிக்கலை எடுத்துட்டு, கோபால்டையும் குரோமியத்தையும் பாதியாக்கி, இரும்பு 50, மாங்கனீஸ் 30-ன்னு வச்சாங்க. இழுக்கும்போதே படிக அமைப்பு மாறுறதால வலிமை, நீளும் தன்மை ரெண்டுமே கூடிச்சு.

அகார்டும் விலை உயர்ந்ததை மாத்தி வச்சவர்தான், உலோகத்தில் இல்லை, சர்க்கரையில். பீட்ரூட்டில் இருப்பதும் கரும்புச் சர்க்கரையேதான்னு மார்க்கிராஃப் 1747-ல் காட்டியிருந்தார். அகார்ட் வெள்ளை ரகங்களைத் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டு, மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் கொடுத்த பணத்தில் சைலீசியாவின் குனெர்னில் ஆலை கட்டினார். 1802-ல் ஓட ஆரம்பிச்சது. உலகின் முதல் பீட்ரூட் சர்க்கரை ஆலை. 1806-ல் நெப்போலியன் ஆங்கிலச் சரக்கைத் தடுத்தப்போ கரும்புச் சர்க்கரை வரத்து நின்னு, ஐரோப்பாவே பீட்ரூட் பக்கம் திரும்பிச்சு. ஆனா 1807-ல், போர் நடக்கும்போதே, இவரோட ஆலை எரிஞ்சுபோச்சு.

1810-ல் சின்னதா திரும்பக் கட்டி, சர்க்கரை எடுக்கக் கத்துத்தர ஒரு பள்ளியும் நடத்தினார். பணம் மட்டும் வரலை. 1821 ஏப்ரலில், 68 வயசு முடிய எட்டு நாள் இருக்கும்போது, குனெர்னிலேயே வறுமையில் இறந்தார்.