ஏடு தேடிய கர்னல் மெக்கன்சி

தென்னாட்டுச் சமண வரலாற்றை ஆராயப் புகுவோர் எவரும் கடந்து செல்ல இயலாத பெயர் காலின் மெக்கன்சி என்பதாகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே என்னும் ஊரிற் பிறந்த அவர், 1783-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் பணியை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். பின்னர்ப் படைப் பொறியாளரானார். தாயகம் அவரை மீண்டும் காணவில்லை.

1792 முதல் நிஜாம் ஆட்சிப் பகுதியில் நில அளவையில் ஈடுபட்டார். போதிய பணியாளரும் பொருளுதவியும் இன்றியே அப்பணி நடந்தது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பெரும்பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 சதுர மைல் பரப்பினை அளக்கத் தொடங்கிய வேளையில், இலண்டனில் இருந்த இயக்குநர்கள் செலவைச் சுருக்குமாறு ஆணையிட்டனர். உதவியாளரும் படிகளும் குறைக்கப்பட்டன. பணியின் அளவோ குறையவில்லை. காடும் காய்ச்சலும் நிறைந்த நிலத்தில் உழைப்போருக்கு உரியதை மறுப்பது முறையன்று என மெக்கன்சி முறையிட்டார். முறையீட்டின் பயனுக்குக் காத்திராமல் பணியையும் தொடர்ந்தார்.

நில அளவையோடு அவர் நின்றாரல்லர். ஏடுகள், கல்வெட்டுகள், நாணயங்கள், ஊர் வரலாறுகள் ஆகியவற்றையும் திரட்டினார். காவலி வெங்கட போரையாவும், அவருக்குப்பின் இளவல் இலட்சுமையாவும் இதில் அவருக்கு வலக்கையாக விளங்கினர். தர்மையா என்னும் சமணப் புலவர் பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துப் பொருள் உரைத்தார். இத்தகைய துணைவர் பலர்க்கு மெக்கன்சி தம் கைப்பொருளிலிருந்தே ஊதியம் வழங்கினார். சமணரைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு ஆசியாடிக் ரிசர்ச்சஸ் இதழின் ஒன்பதாம் தொகுதியில் வெளிவந்தது. ஐரோப்பிய அறிஞர் சமணத்தை அறிதற்கு அது தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

1815-இல் இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையாளர் பதவி அவரை வந்தடைந்தது. மறு ஆண்டில் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியத்தில், மெக்கன்சியின் அருகே ஓலைச்சுவடி ஏந்தி நிற்பவர் தர்மையா என்பர்; பின்புலத்தில் கோமடேசுவரர் திருவுருவம் தெரிகின்றது.

பதவி உயர்ந்தும் கைவிட்டுச் சென்ற பொருள் திரும்பவில்லை. 1821 மே 8-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தொகுப்பிற்காக அவர் தம் பணத்திலிருந்து 15,000 பவுனுக்கு மேல் செலவிட்டிருந்தார் என நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பின்னாளிற் சான்று பகர்ந்தார். அரசு அத்தொகுப்பைக் கைம்பெண்ணாகிய அவர்தம் மனைவியிடமிருந்து வாங்கியதோ 10,000 பவுனுக்கு, அதாவது ஒரு இலட்சம் ரூபாய்க்கு. மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத தொகை அவர் இழப்பாகவே நின்றுவிட்டது.

1828-இல் எச். எச். வில்சன் வெளியிட்ட பட்டியலின்படி, அத்தொகுப்பில் 1,568 இலக்கியச் சுவடிகளும், 2,070 ஊர் வரலாறுகளும், 8,076 கல்வெட்டுப் படிகளும், 6,218 நாணயங்களும் இருந்தன. இவற்றுட் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும், சில இலண்டனிலும் உள்ளன. கும்பினி செலவெனக் கருதிக் குறைத்தவை இன்று விலைமதிப்பற்ற சான்றுகள்.

நான்கு தானங்களுள் ஒன்றாகச் சாத்திர தானத்தைச் சமணம் போற்றுகின்றது. அச்சமயத்தைச் சாராத ஒருவர், தமக்கு வரவேண்டிய பொருளையும் இழந்து, அழியவிருந்த ஏடுகளைக் காத்தளித்தார். தர்மையா போன்றோர் தம் கல்வியை அளித்துத் துணைநின்றனர். அவ்வேடுகளைத் திறக்குந்தோறும் இருவரையும் நன்றியுடன் நினைத்தல் நம் கடனாம்.