இறக்கையை விலைக்கு விற்ற இன்ஜினீயர்: யார் இந்த ஓட்டோ லிலியந்தால்?

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் காமராஜர் அணைப் பக்கம் மதிய வெயிலில் போனால், மலையோரமாகப் பருந்துகள் வட்டமடிப்பதைப் பார்க்கலாம். இறக்கையை அடிக்கவே அடிக்காது. ஆனாலும் மேலே போய்க்கொண்டே இருக்கும். சூடான தரையிலிருந்து எழும் காற்றும், மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றும்தான் அதைத் தூக்குகின்றன. இன்ஜின் இல்லாத கிளைடர் பறப்பதும் இதே கணக்கில்தான்.

குன்றிலிருந்து திரும்பத் திரும்பப் பறந்து காட்டி, மனிதராலும் இது முடியும் என்று உலகத்தை நம்பவைத்தவர் ஓட்டோ லிலியந்தால். பொழுதுபோக்குப் பறத்தல் யாருக்கெல்லாம் கிடைக்க வேண்டும், அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்ற இன்றைய விவாதத்துக்கும் அவர் வாழ்க்கையில் பாடம் இருக்கிறது.

நாரையைப் பார்த்துப் படித்தவர்

1848-ல் வடக்கு ஜெர்மனியின் அன்கிளாம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட, அம்மாதான் வளர்த்தார். ஓட்டோவும் தம்பி குஸ்தாவும் வயல்வெளியில் நாரைகள் எழும்புவதை மணிக்கணக்கில் பார்ப்பார்கள். நம்ம சத்திமுத்தப் புலவர் தூது விட்டாரே, அதே செங்கால் நாரைதான்! மரப்பலகையில் இறக்கை செய்து கட்டிக்கொண்டு குன்றிலிருந்து ஓடியும் பார்த்தார்கள். பறக்க முடியவில்லை.

பெர்லினில் இன்ஜினீயரிங் படித்த ஓட்டோ, 1883-ல் சொந்தமாகக் கொதிகலன், நீராவி இன்ஜின் தொழிற்சாலை தொடங்கினார். சிறு பட்டறைகளும் வாங்கக்கூடிய, வெடிக்கும் ஆபத்து குறைந்த கொதிகலன்தான் அவருடைய முக்கியத் தயாரிப்பு. 1890-ல் லாபத்தில் 25 சதவீதத்தைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். சாமானியர்களும் நாடகம் பார்க்க வேண்டும் என்று பெர்லினில் ஒரு தியேட்டரை நடத்துவதிலும் பங்கெடுத்தார். நல்ல விஷயம் எல்லோருக்கும் கிடைக்கணும் என்ற எண்ணம் அவரிடம் எப்போதும் இருந்தது.

500 மார்க்குக்கு ஒரு கிளைடர்

பறவைகளின் பறத்தலை அளந்து, கணக்குப் போட்டு 1889-ல் புத்தகமாக வெளியிட்டார். 1891-ல் டெர்விட்ஸ் என்ற ஊரில் சுமார் 25 மீட்டர் பறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ரைனோ குன்றுகளில் 250 மீட்டர் வரை போனார். பெர்லின் அருகே பயிற்சிக்காகவே 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்றையும் எழுப்பினார்.

1894-ல் அவர் உருவாக்கிய கிளைடர் ரொம்ப எளிமையானது. வில்லோ மரக்குச்சியும் பருத்தித் துணியும்தான். எடை சுமார் 20 கிலோ. அதை 500 மார்க்குக்கு விற்றார். ஒரே வடிவத்தில் பல எண்ணிக்கை தயாரித்து விற்கப்பட்ட முதல் பறக்கும் கருவி இதுதான். ரஷ்ய விஞ்ஞானி ஜுகோவ்ஸ்கி, பிரிட்டன் இன்ஜினீயர் பெர்சி பில்ச்சர், அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் எல்லாம் வாங்கினார்கள். சாதாரணத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம். ஆனாலும் பறப்பதற்கு ஒரு விலை நிர்ணயமானது அப்போதுதான்.

காசு இருந்தால் வாங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. உரிமம் கிடையாது, உடல் தகுதிச் சோதனை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1896 ஆகஸ்ட் 9. ஸ்டோல்ன் கிராமத்துக்குப் பக்கத்துக் குன்றிலிருந்து பறந்தார். திடீர்க் காற்றில் கிளைடரின் மூக்கு மேலே தூக்கியது; வேகம் செத்தது. வேகம் குறைந்தால் இறக்கைக்குத் தூக்கும் சக்தி போய்விடும். இதைத்தான் விமானிகள் 'ஸ்டால்' என்கிறார்கள். உடம்பை முன்னே தள்ளி மூக்கை இறக்கப் பார்த்தார். முடியவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவர், மறுநாள் இறந்தார். வயது 48. சுமார் 2,000 முறை பறந்த அனுபவசாலி அவர்! மூன்று வருடம் கழித்து, பில்ச்சரும் தானே கட்டிய கிளைடரில் விழுந்து இறந்தார்.

லிலியந்தால் இறந்த செய்திதான் ரைட் சகோதரர்களை யோசிக்கவைத்தது. இறக்கையைச் செய்வதைவிட, காற்றில் அதைக் கட்டுப்படுத்துவதுதான் முக்கியம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

இப்போது என்ன நிலை?

ஒருவர் ஓடி இறங்க முடிந்தால்தான் லிலியந்தாலின் கிளைடரில் பறக்க முடியும். இன்றைய கிளைடரில் உட்கார்ந்தே பறக்கலாம். பயிற்சிக்கு இரண்டு இருக்கை. மாணவர் தவறினால் பயிற்சியாளர் பிடித்துக்கொள்வார். காலால் இயக்கும் சுக்கானைக் கையால் இயக்கும்படி மாற்றி, கால் செயலிழந்தவர்களும் வெளிநாட்டு கிளப்புகளில் பறக்கிறார்கள். பாதுகாப்பு கூடியபோது, பறக்கக்கூடியவர்களின் வட்டமும் பெரிதாகியிருக்கிறது.

இந்தியாவில் 16 வயது நிறைந்தால் மாணவர் உரிமம் கேட்கலாம்; மருத்துவச் சான்று கட்டாயம். புனே ஹடப்சரில் டி.ஜி.சி.ஏ.வின் கிளைடிங் மையம் இருக்கிறது. ஆனால், ஆத்தூர்க்காரருக்கு அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். 2022-ல் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. கிளைடிங், பாராகிளைடிங் இரண்டும் அதில் உண்டு. கருவிகளைப் பதிவு செய்ய வேண்டும், விளையாட்டுச் சங்கங்கள் பாதுகாப்பு விதிகளை வகுக்க வேண்டும் என்கிறது கொள்கை.

விதிகள் கடுமையா என்பதைவிடப் பெரிய கேள்வி, கற்றுக்கொள்ளும் இடம் பக்கத்தில் இருக்கிறதா, கட்டணம் கட்டுப்படியாகுமா என்பதுதான். லிலியந்தால் காலத்தில் கருவி கிடைத்தது, பயிற்சி கிடைக்கவில்லை. நமக்குப் பயிற்சி முறை தெரியும். ஆனால் இடம் தூரம்.

அடுத்த முறை டூரில் பாராகிளைடிங் போகிறீர்களா? பணம் கட்டும் முன் பைலட்டின் உரிமம், கருவியின் பதிவு, காப்பீடு மூன்றையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால், ஏறாமல் திரும்பிவிடுங்கள்.