திருவந்திபுரத்துத் தேசிகர்

கடலூருக்கு மேற்கே சில கல் தொலைவில், கெடில ஆறு தன் போக்கினின்று திரும்பி வடக்கு நோக்கி ஓடும் இடத்தில், திருவந்திபுரம் என்னும் வைணவப் பழம்பதி அமைந்துள்ளது. திருமங்கையாழ்வார் பாடிய திருவயிந்திரபுரம் இதுவே. சென்ற விடுமுறையில் யாம் அவ்வூர்க்குச் சென்றிருந்த ஞான்று, ஒரு கிணற்றைக் காட்டி, இது வேதாந்த தேசிகர் தம் கையாற் கட்டியது என்றனர் ஊரார். எல்லாக் கலைகளிலும் வல்லவர் எனப் புகழப்பெற்ற அவரை, அங்ஙனமாயின் ஒரு கிணறு கட்டிக் காட்டுக எனக் கொத்தன் ஒருவன் அறைகூவினானாம். வேண்டுமென்றே கோணல்மாணலான செங்கற்களையும் கொடுத்தானாம். வேறு கல் கேளாது, கிடைத்தவற்றைக் கிடைத்தபடியே பொருத்தி அவர் கட்டி முடித்தார் என்பது கதை. கதை எங்ஙனமாயினும் ஆகுக, கிணறு இருக்கின்றது. அதனைக் கண்டது முதல் அவர்தம் வாழ்வை எழுதவேண்டும் என்னும் அவா எம்மை விட்டு நீங்கவில்லை. யாம் வேறு சமயத்தினரேம். எனினும் தமிழ் பயில்வார்க்குத் தேசிகர் அயலார் அல்லர்.

அவர் 1268-ஆம் ஆண்டில் காஞ்சியைச் சார்ந்த தூப்புல் என்னும் இடத்தில் அனந்தசூரியார்க்கும் தோதாரம்மையார்க்கும் மகனாய்த் தோன்றினார். வேங்கடநாதன் என்பது பிள்ளைத்திருநாமம். ஐந்து வயதில், தாய்மாமனாராகிய அப்புள்ளார் அவரை நடாதூர் அம்மாள் என்னும் பேராசிரியர் பாடஞ்சொல்லும் அவைக்கு அழைத்துச் சென்றார். குழந்தையைக் கண்டு வியந்து பேசிய ஆசிரியர்க்குப் பாடம் விட்ட இடம் மறந்துபோயிற்று. அவ்விடத்தைக் குழந்தையே எடுத்துக் கொடுத்ததாம். இந்த அவையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. அது பின்னும் நம் வரலாற்றில் வரும். இருபது வயதிற்குள் அவர் எல்லாக் கல்வியையும் முடித்தார். அவ்வயதை நெருங்கியும் தொல்காப்பியத்தின் ஓரதிகாரத்தோடு போராடிக்கொண்டிருக்கும் எம்போல்வார்க்கு இதனை எழுதவே நாணமாயிருக்கின்றது!

மாமனார் மறைந்தபின் அவர் திருவந்திபுரத்திற்கு வந்தார். கோயிலுக்கு எதிரேயுள்ள ஔஷதகிரி என்னும் சிறு குன்றில் அமர்ந்து தவம் இயற்றினார். கல்விக் கடவுளாகிய ஹயக்கிரீவரை அங்கு வழிபட்டார். ஊர்ப் பெருமாளாகிய தேவநாதன்மீது வடமொழியிலும் பிராகிருதத்திலும் தமிழிலும் பாடினார். வாழ்க்கைக்கோ அவர் கைக்கொண்டது உஞ்சவிருத்தி. தெருவழியே சென்று, இல்லத்தார் இடும் அரிசியைப் பெற்று, அந்நாளை அவ்வரிசியால் கழிப்பது. ஒருநாள் அன்பர் ஒருவர் அவர் வறுமைக்கு இரங்கி, அரிசியோடு பொற்காசுகளையும் கலந்து இட்டனர். வீட்டில் மனைவியார் அவற்றைக் கண்டு இவை யாவை என வினவ, அரிசியில் நெளியும் புழுக்கள் என்று கூறித் தேசிகர் அவற்றைத் தள்ளிவிட்டார். இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் அனைவரும் கணவரையே புகழ்கின்றனர். நாள்தோறும் அவ்வரிசியைக் கொண்டு அடுப்பேற்றிய அம்மையாரும் அப்புகழில் பாதிக்கு உரியர் என்பது எம் கருத்து.

1336-இல் விசயநகர அரசு தோன்றிற்று. அவ்வரசர்க்கு நெருங்கியவராய் விளங்கிய வித்தியாரணியர், தேசிகர்க்கு இளமை நண்பர் என்பது மரபு. நண்பர் வறுமையில் உழல்வதைப் பொறாது, அரசவைக்கு வருக, வேண்டிய செல்வம் கிடைக்கும் என அவர் திருமுகம் விடுத்தார். அதற்கு மறுமொழியாக எழுந்ததே வைராக்கிய பஞ்சகம் என்னும் சிறு வடமொழி நூல். காஞ்சி அத்திகிரியில் நிற்கும் பெருமாளே தமக்கு மூதாதையர் வழிவந்த செல்வம். வேறு செல்வம் வேண்டா என்பது அதன் கருத்து. அழைப்பு வந்த அன்று அவர் நெடிது சிந்தித்திருப்பார் என யாம் எண்ணவில்லை. காலைதோறும் பாத்திரத்தோடு தெருவில் இறங்கியபொழுதே அவ்வினாவிற்கு விடை இறுத்துவிட்டார். முன்னரே விடை காணாதவர்க்கன்றோ திருமுகம் வரும்போது கை நடுங்கும்?

நட்பு அதனால் குறையவில்லை. பின்னர் வித்தியாரணியர்க்கும் மத்துவ ஆசாரியராகிய அட்சோபிய தீர்த்தர்க்கும் வாதம் நிகழ்ந்தபோது, தேசிகரையே நடுவராகக் கொண்டு வாதத்தை எழுதி அனுப்பினர் என்றும், அவர் தம் நண்பர்க்கு மாறாகவே தீர்ப்பளித்தார் என்றும் வைணவரும் மாத்துவரும் கூறுவர். அத்துவைதியர் இதனை ஒப்புவதில்லை. அவ்வழக்கில் புகுதல் எமக்குத் தகாது. ஆயினும் அரசன் பொன்னை வாங்கியிருப்பின், அத்தீர்ப்பை எவர் பொருட்படுத்தியிருப்பர்?

இவ்வழைப்பிற்கு முன்னரே இதனினும் கடிய சோதனை ஒன்று அவர்க்கு நேர்ந்திருந்தது. 1323-ஆம் ஆண்டில் தில்லியினின்று உலூக்கான் படை தெற்கே வந்து திருவரங்கத்தைத் தாக்கிற்று. கோயிலார் பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறினர். எஞ்சியோர் பலர் வெட்டுண்டனர். முதியவராகிய சுதர்சனசூரி, தம் சுருதப்பிரகாசிகை என்னும் நூலின் சுவடியையும் தம் மக்கள் இருவரையும் தேசிகர் கையில் ஒப்புவித்து உயிர் நீத்தார். தேசிகர் பிணக்குவியலின் நடுவே சுவடியோடும் சிறுவரோடும் மறைந்து கிடந்து, இருளில் தப்பிச் சென்றார் என்று குருபரம்பரை நூல்கள் உரைக்கும். அடியாரோடு உடன் மாய்வதே பெருமை எனக் கருதுதல் அந்நேரத்தில் எளிது. பிணங்களிடையே மூச்சடக்கிக் கிடத்தல் பெருமையன்று. பொன்னைப் புழுவெனத் தள்ளியவர் ஓலைக்கட்டு ஒன்றை மார்போடு அணைத்துக் கிடந்தார். அவர் துறந்தது இன்னது, துறவாதது இன்னது என்பதை அவ்விரவே எமக்குக் காட்டுகின்றது.

அச்சுவடி யாது? இராமாநுசர் இயற்றிய ஸ்ரீபாஷ்யத்திற்கு நடாதூர் அம்மாள் சொன்ன விளக்கங்களைக் கேட்டு, மாணாக்கராகிய சுதர்சனசூரி எழுதி வைத்த உரை. ஐந்து வயதுக் குழந்தை விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்த அந்த அவையின் குரல், ஓலையாய்த் திரும்பவும் அதே கையில் வந்து சேர்ந்தது. அதன் பின்னர்க் கன்னட நாட்டுச் சத்தியாகாலம் என்னும் சிற்றூரில் அவர் நெடுநாள் வாழ்ந்தார். அரங்கம் அச்சம் நீங்குக என வேண்டி அபீதிஸ்தவம் பாடியது அங்கேயே. 1369-இல் மறைந்தார் என்பர். அவ்வாறாயின் நூறாண்டிற்கு மேற்பட்ட வாழ்வு.

சுருதப்பிரகாசிகை இன்றும் அச்சில் உள்ளது, பயிலவும் படுகின்றது. தேசிகர் தாம் திருவந்திபுரத்துப் பெருமாள்மீது பாடிய தமிழ் மும்மணிக்கோவையிலோ பத்துப் பாடல்களே எஞ்சியுள்ளன. பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல் என ஐந்து சிறு தமிழ் நூல்கள் தாம் இயற்றியதாக நவமணிமாலையில் அவரே குறிக்கின்றார். அவற்றுள் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. அவற்றின் ஏடுகளை அணைத்துக்கொண்டு இருளில் ஓடுவார் ஒருவரும் அன்று இலராயினர்.