ஜான் அர்னால்டின் கற்பனைக் கோள்

ஜான் அர்னால்டு 1913ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். முதலில் உளவியல் படித்த அவர், பின்னர் இயந்திரப் பொறியியல் கற்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார்.

கணக்கில் வல்ல மாணவர்களும் எதையாவது வடிவமைக்கும்போது பழகிய உருவங்களையே நாடுவது அவருக்குக் கவலை அளித்தது. அதனால், 1950களின் தொடக்கத்தில், ‘ஆர்க்டரஸ் நான்கு’ என்ற கோளைக் கற்பனையில் படைத்தார். அங்கே ஈர்ப்பு விசை பூமியைவிடப் பல மடங்கு அதிகம். காற்றில் மீத்தேன் நிறைந்திருக்கும். அங்கு வாழ்பவர்கள் முட்டையிலிருந்து பிறப்பவர்கள். பறவை போன்ற தோற்றமுடையவர்கள். அவர்களுடைய கையில் மூன்றே விரல்கள்! அவர்களுக்கு ஏற்ற வாகனங்களையும் கருவிகளையும் வடிவமைக்குமாறு மாணவர்களிடம் கூறினார்.

இது வெறும் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், நம் ஐந்து விரல்களுக்காகச் செய்த கைப்பிடி அங்கே உதவாது. பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதவும் வழியில்லை. பயன்படுத்துபவரின் உடலையும் தேவையையும் அறிந்த பிறகே பென்சிலை எடுக்க முடியும்.

1957இல் அர்னால்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொறியியலையும் கலையையும் இணைத்துக் கற்பிக்கும் வடிவமைப்புப் பாடத்திற்கு அங்கே வித்திட்டார். 1963இல், இத்தாலி சென்றிருந்தபோது, ஐம்பதாவது வயதில் மாரடைப்பால் காலமானார். ஸ்டான்ஃபோர்டில் அந்தப் பாடம் தொடர்ந்து நடைபெற்றது.