வில்லனாக வந்தார், வீட்டுப் பெரியவர் ஆனார்

ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். அதோடு சினிமாப் பாட்டும் வசனமும் சேர்ந்து கேட்கும்.

தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் காது சும்மாதான் இருக்கிறது. கண்ணுக்குத்தான் ஓய்வில்லை. ஓர் இழை அறுந்தாலும் உடனே பார்த்து முடிய வேண்டும். ஆகையால் வீட்டில் டெலிவிஷன் ஓடினாலும் அவர்கள் படத்தைக் கேட்பதுதான் அதிகம். பார்ப்பது குறைவு.

சேலையைப் பற்றி எழுதுவதற்காக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காதலர்கள் ஆடிப் பாடினார்கள். தறியில் இருந்த பெரியவர் தலை நிமிரவில்லை. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது.

திடீரென்று தறி நின்றது!

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே இருந்த பேரப்பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். திரையில் நாகேஷ் ஒரு பேய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வீட்டில் எல்லோருடைய கண்ணும் கதை சொன்னவர் மேல் மட்டும் இல்லை. கதையைக் கேட்டு நடுங்கிக்கொண்டிருந்தவர் மேலும் இருந்தது.

அவர்தான் டி.எஸ். பாலையா. 1972-ம் ஆண்டில் காலமான ஒரு நடிகர், இன்றைக்கும் ஓடுகிற தறியை நிறுத்திவிடுகிறார்.

அமெரிக்க டைரக்டர்

பாலையாவின் சொந்த ஊர் சுண்டன்கோட்டை. அப்போது அது திருநெல்வேலிச் சீமை. இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1914-ம் ஆண்டில் பிறந்தார். அந்தக் காலத்து நடிகர்கள் பலரையும் போல அவரும் நாடக மேடையில் வளர்ந்தவர்தான்.

நாடகக் கம்பெனி வாழ்க்கை சுகமான வாழ்க்கை அல்ல. ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி பேச வேண்டும். விடிய விடிய நடிக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் பாலையாவின் குரல், சொன்னபடி கேட்கிற குரலாக ஆயிற்று. இழுக்கச் சொன்னால் இழுக்கும். குழையச் சொன்னால் குழையும். அதட்டினால் சபை அடங்கும்.

1936-ம் ஆண்டில் 'சதி லீலாவதி' என்ற படம் வந்தது. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன். அவர் அமெரிக்கர், தமிழ் அறியாதவர்! பாஷை தெரியாமலே தமிழ்ப் படங்களை எடுத்து, நல்ல பெயரும் வாங்கியவர்.

எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். ஒரு சின்ன வேடம். பாலையாவுக்கும் அதுதான் முதல் படம். ஆனால் அவருக்குக் கிடைத்தது பெரிய வேடம். நல்ல குடும்பத்துப் பிள்ளையைக் குடிக்கப் பழக்கிக் கெடுக்கும் ராமநாதன் என்ற வில்லன்.

மறு வருஷம் 'அம்பிகாபதி' வந்தது. அதற்கும் டங்கன்தான் டைரக்டர். எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். அவருக்கு எதிரே ருத்திரசேனனாக வந்தார் பாலையா. பாகவதர் பாட ஆரம்பித்தால் ஊரே மயங்கிய காலம் அது. அப்படிப்பட்டவருக்கு எதிரே, பாட்டை நம்பாமல், பார்வையாலும் பேச்சாலும் நிற்பது லேசான காரியமா?

கெட்டவன் முகம்

அதன் பிறகு வில்லன் என்றால் பாலையா என்று ஆகிவிட்டது. வில்லனாக நடிப்பவரை நிஜத்திலும் கெட்டவர் என்றே நம்பிய ஜனங்கள் அந்தக் காலத்தில் நிறைய உண்டு. நடிகனுக்கு அது வெற்றிதான். ஆனால் ஒரே முகமூடி என்றென்றைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டால் ஆபத்து. அவரோடு நடிக்க வந்த வில்லன்களில் சிலர் கடைசிவரை வில்லன்களாகவே இருந்து மறைந்தார்கள்.

பாலையா அந்த முகமூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார்.

அண்ணா எழுதிய 'வேலைக்காரி' 1949-ல் படமாக வந்தது. அதில் கே.ஆர். ராமசாமி கதாநாயகன். பழிவாங்கக் கத்தியைத் தூக்கும் அவரைத் தடுத்து, புத்தியால் பழிவாங்க வழி சொல்லும் நண்பன் மணிதான் பாலையா. வில்லனின் தந்திரம் இப்போது நல்லவன் பக்கம் வேலை செய்தது. 1954-ல் 'தூக்குத் தூக்கி' படத்தில் சேட்டாக வந்து, கொச்சைத் தமிழ் பேசினார். செய்வது துரோகம், ஆனால் கொட்டகையில் எழுந்தது சிரிப்பு. 'மதுரை வீரன்' (1956) படத்தில் எம்.ஜி.ஆரை எதிர்க்கும் நரசப்பனும் அப்படித்தான். கொடியவன்தான், கோழையுங்கூட.

பிறகு 1959-ல் வந்தது 'பாகப்பிரிவினை'. ஒரே வீட்டில் வாழும் அண்ணன் தம்பி. தம்பி எஸ்.வி. சுப்பையா. அண்ணன் பாலையா. வீட்டுக்குள் பேதம் புகுந்து, குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. மனைவி பேச்சைத் தட்ட முடியாமலும், தம்பியை விட்டுக் கொடுக்க மனமில்லாமலும் தவிக்கும் அண்ணனை அவர் காட்டியபோது, பழைய ராமநாதனும் ருத்திரசேனனும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. சிவாஜி கணேசனின் பெயர் சொல்லும் படம் அது. ஆனாலும் பாகம் பிரித்த குடும்பங்களில் பிறந்தவர்கள் அந்த அண்ணனை மறப்பதில்லை.

பேசாமல் வாங்கிய கைதட்டல்

'காதலிக்க நேரமில்லை' வெளிவந்த ஆண்டு 1964. டைரக்டர் ஸ்ரீதர். இதில் பாலையா, விசுவநாதன் என்ற பணக்காரர். இரண்டு பெண்கள், ஒரு பிள்ளை. பிள்ளைதான் நாகேஷ். சினிமாப் படம் எடுக்க வேண்டுமென்று அலைகிறவர். அப்பாவிடம் பணம் கறக்கப் பார்க்கிறார்.

அப்போதுதான் அந்தக் கதை வருகிறது. பேச்செல்லாம் நாகேஷ். இருட்டு, காலடி, கதவு திறக்கும் ஓசை எல்லாவற்றையும் அவரே வாயால் செய்கிறார். பாலையாவுக்கு வசனம் மிகவும் குறைவு. முதலில் அலட்சியமாகக் கேட்கிறார். அப்புறம் கண் விரிகிறது. உடம்பு ஒடுங்குகிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிப் போடுகிறது.

இந்தக் காட்சியில் யார் பெரியவர் என்று திண்ணைகளில் இன்றும் சண்டை நடக்கும். எனக்குக் கேட்டால் பாலையா என்றுதான் சொல்வேன். கதை சொல்கிறவன் என்ன சொன்னாலும், கேட்கிறவன் பயந்தால்தான் நமக்குப் பயம். அவன் பயத்தைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். வால்டர் பிரென்னன் என்று பெயர். குதிரையும் துப்பாக்கியுமாக வரும் கௌபாய் படங்களில் கிழவர் வேடம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 'ரியோ பிராவோ' (1959) படத்தில் ஜான் வெயின் ஊரைக் காக்கும்போது, நொண்டிக் காலோடு சிறைச்சாலையைக் காத்து நின்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும் கிழவர் அவர்தான். அந்த நாட்டில் துணை நடிகருக்கென்று தனியாக ஆஸ்கார் பரிசு உண்டு. பிரென்னன் அதை மூன்று தடவை வாங்கினார்.

நம் பாலையாவுக்குக் கிடைத்தது கொட்டகைக் கைதட்டல். அதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் யார்?

தோற்றுப் போன பாகவதர்

1965-ல் ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' வந்தது. பாண்டிய நாட்டுப் புலவர்களையும் பாடகர்களையும் துச்சமாக நினைத்து வருகிறார் ஹேமநாத பாகவதர். சபையில் அவர் பாடும் பாட்டு, பாலமுரளி கிருஷ்ணாவின் குரல். ஆனால் அந்தக் குரலுக்கு வேண்டிய கர்வத்தையெல்லாம் தந்தது பாலையாவின் முகம்.

அன்று இரவு வீதியில் ஒரு விறகு வெட்டியின் பாட்டு கேட்கிறது. வந்திருப்பது சிவபெருமான். சிவாஜி அந்த வேடத்தில் கம்பீரமாக இருக்கிறார். ஆனால் அந்தப் பாட்டு எவ்வளவு பெரியது என்று நமக்குச் சொல்கிறவர் யார்? படுக்கையில் இருந்து எழுந்து வரும் ஹேமநாதர்தான். முதலில் எரிச்சல். பிறகு வியப்பு. பாடியவன், பாணபத்திரர் தள்ளிவிட்ட சீடன் என்று கேட்டதும் திகில். விடிவதற்குள் ஊரை விட்டே போய்விடுகிறார்.

கர்வம் உடைவதைக் காட்டுவது கஷ்டம். உடைந்தவன்மேல் நமக்கு இரக்கமும் வரச் செய்வது அதைவிடக் கஷ்டம். அந்த இரக்கத்தைப் பாலையா வரவழைத்தார்.

அதற்கு மேல் அவர் எல்லா வீட்டுக்கும் பெரியவர். 1967-ல் கே. பாலசந்தரின் 'பாமா விஜயம்' படத்தில், மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று மருமகள்களுக்கும் நடுவே திண்டாடும் தகப்பனார். அடுத்த வீட்டுக்கு ஒரு சினிமா நட்சத்திரம் குடி வந்ததும், கடன் வாங்கி ஆடம்பரம் செய்யும் மருமகள்களைப் பார்த்து அவர் பொருமும் பொருமல் இருக்கிறதே, அது தவணைக்குச் சாமான் வாங்கிய எல்லா வீட்டுக்கும் தெரியும்!

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் தவில் வித்துவான் முத்துராக்கு. சிவாஜியின் நாதசுவரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கோபித்துக்கொண்டு கிளம்பும் வித்துவானைச் சமாதானப்படுத்துவார். வாய் நிறைய வெற்றிலையும் மனம் நிறைய அன்புமாக, நிஜத் தவில்காரர்கள் நம்மில் ஒருவர் என்று சொல்லும்படி இருந்தார்.

இப்படிப் பேரும் புகழுமாக இருந்தபோதே, 1972 ஜூலையில் பாலையா காலமானார். வயது அறுபதுகூட நிறையவில்லை. படங்களில் கிழவராகவே பார்த்துப் பழகிய நமக்கு அது நம்ப முடியாத வயதுதான். அவருடைய மகன் ரகுவும் நடிகரானார். தகப்பனார் பெயரையே தாங்கி, ஜூனியர் பாலையா என்று பல படங்களில் நடித்து, 2023-ல் மறைந்தார்.

ஆரணி வீட்டில் நாகேஷின் கதை முடிந்தது. பிள்ளைகள் விளையாடப் போனார்கள். சின்ன வயதில் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குத் திரும்ப, இருட்டில் அவருக்கும் பயமாக இருந்ததாம். சொல்லிவிட்டு நாடாவைக் கையில் எடுத்தார். முந்தானை இன்னும் அரை முழம் பாக்கி இருந்தது.