பூட்டுத் தொழிலாளி இமாமான வரலாறு

இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வு நகரில் வாழ்ந்தவர்கள் இமாம் அபூபக்ர் அல்கஃப்பால் (ரஹ்) அவர்கள். அரபியில் கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். இளமையில் அதுவே அவர்களின் தொழில். சாவியோடு சேர்த்து நான்கு தானிய மணி எடையில் ஒரு பூட்டைச் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதியுள்ளனர்.

மார்க்கச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கியபோது அவர்களுக்கு வயது 30. பிறர் சிறு வயதிலேயே தொடங்கிவிடும் படிப்பு அது. ஆயினும் தயங்கவில்லை. குராசானில் ஷாஃபிஈ மத்ஹபின் தலைசிறந்த அறிஞராக உயர்ந்தார்கள். அவர்களிடம் பயின்றவர் அபூமுஹம்மது ஜுவைனி (ரஹ்). அவருடைய மகனார் இமாமுல் ஹரமைன் (ரஹ்). அவரிடம் பயின்றவரே நாமெல்லாம் அறிந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்).

ஹிஜ்ரி 417இல் (கி.பி. 1026) தமது 90ஆம் வயதில் கஃப்பால் (ரஹ்) அவர்கள் வஃபாத்தானார்கள். தாமதமாகத் தொடங்கியும் 60 ஆண்டுகள் கல்வியோடு வாழ்ந்தார்கள்.

பேரப்பிள்ளைகள் எதிரில் எழுத்துக்கூட்டி ஓத வெட்கப்பட்டு, முதியோர் வகுப்பின் வாசலோடு திரும்பிவிடும் பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. இந்த வரலாற்றை அவர்களுக்குச் சொல்லி, அந்தப் பேரப்பிள்ளைகளே கைப்பிடித்து அழைத்து வரட்டும் என வேண்டுகிறோம்.